தூர மூலையில் வெட்டாத லேசர்: ட்யூபை மாற்றும் முன் ஒரு மாஸ்கிங் டேப்

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். கல்யாணப் பத்திரிகை, அக்ரிலிக் பெயர்ப்பலகை வேலைக்காக 40 வாட் கார்பன் டை ஆக்சைடு லேசர் மெஷின் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறீர்கள். பின்பக்க இடது மூலையில் 3 மி.மீ. அக்ரிலிக் ஒரே ஓட்டத்தில் வெட்டுப்பட்டு விழுகிறது. முன்பக்க வலது மூலையில் இரண்டு முறை ஓட்டியும் விழவில்லை. வந்து பார்த்தவர் "ட்யூப் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டார். போதாக்குறைக்கு, போன வாரம் யூஎஸ்பி டாங்கிள் (மென்பொருளைத் திறக்கும் சாவியாகக் கணினியில் செருகும் சின்னத் துண்டு) தொலைந்துவிட்டதால் மென்பொருளும் திறக்கவில்லை. ட்யூபையும் கன்ட்ரோல் போர்டையும் சேர்த்தே மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இரண்டையுமே இப்போது மாற்ற வேண்டாம். ட்யூப் என்பது லேசர் கதிரை உண்டாக்கும் கண்ணாடிக் குழாய். அது வலுவிழந்தால் வெட்டு மேசை முழுக்க வலுவிழக்கும். ஒரு மூலையில் வெட்டி இன்னொரு மூலையில் வெட்டாமல் இருக்காது. கதிர் போகப் போகக் கொஞ்சம் விரியும் என்பதால் தூர மூலையில் சிறிது பலம் குறைவது இயல்புதான். ஆனால் ஒரு பக்கம் ஒரே ஓட்டம், மறுபக்கம் இரண்டு ஓட்டமும் போதவில்லை என்றால், கதிர் வழியில் எங்கோ மிரர் ஓரத்திலோ, கதிர் வெளியே வரும் நாசிலின் விளிம்பிலோ மோதி வீணாகிறது. டாங்கிள் தொலைந்ததும் போர்டை மாற்றுவதற்குக் காரணம் ஆகாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு பத்திரிகைக் கடையில் இதே புகாருக்கு நான் ட்யூப் மாற்றினேன். புது ட்யூப் போட்ட பிறகும் அதே மூலை, அதே அரைகுறை வெட்டு. கடைசியில் இரண்டாம் மிரரின் பிராக்கெட்டைப் பிடித்திருந்த ஒரு ஸ்க்ரூ லூஸாக இருந்ததைக் கண்டுபிடித்தேன். ஆலன் கீயால் அரைத் திருகு; வேலை முடிந்தது. என் கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ட்யூபுக்குப் போன பணம் அந்தக் கடைக்காரருக்குத் திரும்பவில்லை. அன்றிலிருந்து டேப் சோதனை செய்யாமல் எந்த ட்யூபையும் நான் தொடுவதில்லை.

முதலில் பாதுகாப்பு. இந்த லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். கண்ணுக்கு அறவே தெரியாது. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து, புனேயில் பொறியியல் படித்து, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1964இல் இந்த லேசரை உருவாக்கியவர் குமார் படேல். நம் ஊர்க் கடைகளில் பத்திரிகை வெட்டும் மெஷினுக்குள் இருப்பது அதே அடிப்படைதான். தெரியாத கதிர் என்பதால் பயமும் வருவதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. இந்தக் கதிரைத் தண்ணீர் முழுதாக உறிஞ்சிக்கொள்ளும், ஆகவே கண்ணில் பட்டால் முதலில் வேகுவது கருவிழியின் மேற்படலம். அலைன்மென்ட் (கதிரின் பாதையை நேராக்குவது) பார்க்கும்போது மூடியைத் திறந்துதான் ஆக வேண்டும். 10600 நானோமீட்டர் என்று அச்சிட்ட கண்ணாடியை மட்டும் போடுங்கள். டயோடு லேசருடன் கொடுக்கிற பச்சைக் கண்ணாடியை நம்பிவிடாதீர்கள். ட்யூபின் பின்முனையில் வருகிற தடித்த ஒயரில் 15,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும். மிரர் ஸ்க்ரூவைத் தவிர வேறு எதைத் தொடுவதானாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கொஞ்ச நேரம் விட்டுத் தொடுங்கள். மூன்று முள் பிளக்கின் எர்த் முள் உண்மையிலேயே எர்த்தில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். இந்த வகை மெஷின்களில் எர்த் ஒயர் பெயின்ட் மேலேயே முடுக்கப்பட்டு, பாடியைத் தொடாமல் கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் பெயின்டைச் சுரண்டி, ஸ்டார் வாஷர் போட்டு முடுக்க வேண்டும்.

இனி டேப். கதிரின் பாதையை மனதில் வரைந்துகொள்ளுங்கள். ட்யூப் பின்பக்கம் படுத்திருக்கிறது. அதிலிருந்து வரும் கதிர் அசையாத முதல் மிரரில் பட்டு, முன்னும் பின்னும் நகரும் குறுக்குச் சட்டமான கேன்ட்ரியின் ஓரத்தில் உள்ள இரண்டாம் மிரருக்குப் போகிறது. அங்கே திரும்பி, அந்தச் சட்டத்தின் மேல் இடம் வலமாக ஓடும் ஹெட்டில் இருக்கும் மூன்றாம் மிரருக்கு. அது கதிரைக் கீழே லென்ஸுக்கு இறக்கிவிடுகிறது. பின்பக்க இடது மூலையில் ஹெட் இருக்கும்போது இந்தப் பாதை மிகக் குறைவு. முன்பக்க வலது மூலையில் அதோடு அரை மீட்டர் கூடுகிறது. கதிரில் சின்னக் கோணப் பிழை இருந்தால் அருகில் தெரியாது, தூரத்தில் பூதாகாரமாகும். உங்கள் மெஷின் காட்டும் அறிகுறி அப்படியே இதுதான்.

இரண்டாம் மிரரின் வாயில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். மிரரின் முகத்தில் படாமல், அதன் வளையத்தில் ஒட்ட வேண்டும். கேன்ட்ரியைப் பின்பக்கக் கடைசிக்குத் தள்ளி, கரண்ட்டைக் குறைத்து வைத்து, டெஸ்ட் பட்டனை ஒரு தட்டு மட்டும் தட்டுங்கள். டேப்பில் பழுப்பாக ஒரு புள்ளி விழும். டேப்பை மாற்றாமல் கேன்ட்ரியை முன்பக்கக் கடைசிக்கு இழுத்து, இன்னொரு தட்டு. இரண்டு புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் முதல் மிரர் சரி. விலகியிருந்தால் முதல் மிரரின் ஸ்க்ரூவைத் திருகி, தூரப் புள்ளியை அருகுப் புள்ளியின் மேல் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் புது டேப் ஒட்டி, இரண்டு புள்ளிகளையும் மறுபடி எடுக்க வேண்டும், ஏனென்றால் திருகும்போது அருகுப் புள்ளியும் கொஞ்சம் நகரும்.

பெரும்பாலானவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். தூரப் புள்ளியை வட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். நடு என்பது இப்போது முக்கியமே இல்லை. இரண்டு புள்ளிகளும் ஒரே இடத்தில் விழுந்தால் கதிர் ரெயிலுக்கு இணையாகப் போகிறது என்று அர்த்தம். அந்த இணைதான் முதலில் வேண்டும். ஒன்றுசேர்ந்த புள்ளி நடுவிலிருந்து தள்ளி இருந்தால், அதை ஸ்க்ரூவால் சரிசெய்யப் போகக் கூடாது. போனால் சேர்ந்த புள்ளிகள் மறுபடி பிரியும். பக்கவாட்டில் தள்ளியிருந்தால் முதல் மிரரின் ஸ்டாண்டையே முன்பின் நகர்த்துங்கள். மேலோ கீழோ தள்ளியிருந்தால் ட்யூபின் உயரத்தைத்தான் மாற்ற வேண்டும், தாங்கியின் அடியில் தகடு வைத்தோ எடுத்தோ.

ஸ்க்ரூவை எவ்வளவு திருக வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. மிரர் ஒரு கோணம் சாய்ந்தால் கதிர் அதைப்போல் இரண்டு மடங்கு திரும்பும். ஸ்க்ரூவின் புரி இடைவெளி 0.5 மி.மீ., அது சுழல்புள்ளியிலிருந்து 30 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு, 300 மி.மீ. தூரத்தில் புள்ளி 10 மி.மீ. நகர்ந்துவிடும். மிரரின் விட்டமே 20 மி.மீ.தான். எனவே கால் சுற்றே பெரிய திருத்தம். கடிகாரத்தின் ஐந்து நிமிட முள்நகர்வு அளவுக்குத் திருகிப் பாருங்கள். திருத்திய பிறகு லாக் நட்டை முடுக்கும்போது புள்ளி மறுபடி நகரும். முடுக்கிய பிறகு இன்னொரு டேப் எடுக்காமல் அடுத்த மிரருக்குப் போகாதீர்கள்.

இரண்டாம் மிரருக்கும் இதே கதைதான். டேப்பை ஹெட்டின் வாயில் ஒட்டி, இடது கடைசி, வலது கடைசி என்று தட்டி, இரண்டாம் மிரரைத் திருத்துங்கள். பிறகு ஹெட்டை நான்கு மூலைக்கும் கொண்டுபோய் நான்கு தட்டு. நான்கும் ஒரே புள்ளியாக விழ வேண்டும். மூன்று சேர்ந்து ஒன்று மட்டும் எத்தனை முறை செய்தாலும் விலகினால், மிரரில் குறை இல்லை; கேன்ட்ரி முறுக்கியிருக்கிறது அல்லது இரண்டு பக்க பெல்ட்டில் ஒன்று ஒரு பல் தாண்டியிருக்கிறது. பவரை ஆஃப் செய்துவிட்டு கேன்ட்ரியை முன்பக்கம் முட்டும்வரை தள்ளிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து முட்டாவிட்டால் அதைச் சரிசெய்யாமல் மிரரில் கை வைப்பது வீண்.

கடைசியாக மூன்றாம் மிரர். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கதிர் கிடையாக வந்து கீழ்நோக்கித் திரும்புவதால், மூன்றாம் மிரரில் உயரத்தில் இருக்கும் பிழை, லென்ஸில் இடவலப் பிழையாக மாறும். மிரரில் நடுவில் விழுந்துவிட்டது என்று விட்டுவிட்டால், கதிர் நாசிலின் உள்சுவரில் உரசிக்கொண்டு இறங்கலாம். உரசினால் வெட்டுக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நிழல்போல இன்னொரு மெல்லிய கோடு விழும். நாசிலின் வாயில் டேப்பை அழுத்தி ஒட்டி வட்டத்தின் தடம் விழவைத்து, ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். துளை தடத்தின் நடுவில் இருக்க வேண்டும். கதிர் செங்குத்தாக இறங்குகிறதா என்பதற்கு 5 மி.மீ. அக்ரிலிக்கில் ஒரு சதுரம் வெட்டி, வெட்டு முகத்தில் மூலைமட்டத்தை வையுங்கள். எதிரெதிர் முகங்கள் இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் கதிர் சாய்ந்து இறங்குகிறது.

லென்ஸையும் கழற்றிப் பாருங்கள். துத்தநாக செலினைடால் ஆன மஞ்சள் நிற லென்ஸ். குவிந்த பக்கம் மேலே, தட்டைப் பக்கம் கீழே இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டாலும் வெட்டும், ஆனால் கோடு தடிக்கும். காட்டன் பட்ஸில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்டு, அழுத்தாமல் ஒரே இழுப்பில் துடையுங்கள். உடைந்த அல்லது எரிந்த லென்ஸின் துகள் நச்சு, வெறும் கையால் தொடக் கூடாது. பெரும்பாலும் இந்த மெஷின்களில் வருவது 50.8 மி.மீ. குவிய தூர லென்ஸ். மேசையின் ஒரு மூலை இரண்டு மூன்று மி.மீ. தாழ்ந்திருந்தாலே குவியம் தப்பிவிடும். உங்கள் புகாருக்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்பதால், நாசிலிலிருந்து மேசைக்கு நான்கு மூலையிலும் ஒரே கட்டையை வைத்து அளந்துவிடுங்கள்.

தண்ணீர் பற்றிச் சுருக்கமாக: டிஸ்டில்டு வாட்டர் மட்டும். குழாய்த் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். வெப்பம் 15 முதல் 25 டிகிரிக்குள் இருக்கட்டும். வெயில் காலத்தில் ஐஸ் பாட்டில் போடுவது நம் ஊரில் எல்லோரும் செய்வது. ஆனால் சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஏசி இல்லாத கடையில் தண்ணீரை ரொம்பக் குளிர்வித்தால் ட்யூபின் மேல் வேர்த்துவிடும். ஈரமும் 15,000 வோல்ட்டும் ஒரே இடத்தில் சேரக் கூடாது. ட்யூபைத் தொடாமல், அதற்குப் போகும் தண்ணீர்க் குழாயைப் பாருங்கள். அதன் மேல் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஐஸை எடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் முடிந்து நான்கு மூலையிலும் ஒரே புள்ளி விழுந்து, அப்போதும் மேசை முழுக்க வெட்டு பலவீனமாக இருந்தால், அப்போது ட்யூபைப் பற்றிப் பேசலாம்.

இனி மென்பொருள். மெஷினின் பக்க அறையைத் திறந்து போர்டில் எம்2 நானோ என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். இந்த ரக மெஷின்களில் மிகப் பரவலாக இருப்பது அதுதான். அப்படியென்றால் கே40 விஸ்பரர் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். அதற்கு டாங்கிளே வேண்டாம். போர்டுடன் நேராகப் பேசும். விண்டோஸில் யூஎஸ்பி டிரைவரை மட்டும் அது சொல்கிறபடி மாற்ற வேண்டும். இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் வரைந்த எஸ்விஜி கோப்பில் சிவப்புக் கோடு வெட்டு, நீலக் கோடு மேலோட்டமாகக் கீறுவது, கறுப்பு நிரப்பு வரிவரியாக எரிப்பது என்று நிறத்தை வைத்தே புரிந்துகொள்ளும். உங்களிடம் பழைய பத்திரிகை டிசைன்கள் கோரல்டிராவில், பாமினி மாதிரி எழுத்துருவில் இருக்கும். அவற்றை எழுத்தாகவே வெளியே எடுத்தால் வேறு கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் கூட்டமாகத் திறக்கும். எடுக்கும் முன் எல்லாவற்றையும் தேர்ந்து வளைவுகளாக மாற்றிவிடுங்கள். பிறகு எழுத்துரு எதுவும் தேவையில்லை.

பத்திரிகை வெட்டவும் பெயர்ப்பலகை வெட்டவும் இதுவே போதும் என்பது என் கருத்து. எம்2 நானோவின் ஒரே பெரிய குறை, லேசரின் பலத்தை மென்பொருளிலிருந்து மாற்ற முடியாது. முன்பக்கக் குமிழைத் திருகித்தான் மாற்ற வேண்டும். ஒரே வேலையில் ஒரு கோடு லேசாக, ஒரு கோடு அழுத்தமாக வேண்டும் என்றாலோ, போட்டோவைச் சாயல்களோடு மரத்தில் எரிக்க வேண்டும் என்றாலோ அப்போது போர்டு மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது.

அந்த நாள் வரும்போது ஜிஆர்பிஎல் ஓடும் போர்டைப் பாருங்கள். நார்வேக்காரரான சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ரூட் 2009இல் தொடங்கிய, மோட்டார்களை இயக்கும் திறந்த மூல மென்பொருள் ஜிஆர்பிஎல். ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னப் போர்டிலேயே ஓடும். எனக்கு அதில் பிடித்தது லேசர் மோடு. $32 என்ற அமைப்பை 1 ஆக்கி, கோப்பில் லேசரை எரியவிட எம்4 என்ற கட்டளையைப் பயன்படுத்தினால், ஹெட்டின் வேகம் குறையும் இடத்தில் பலத்தையும் அதுவே குறைக்கும். ஏன் இது முக்கியம்? நம் எழுத்தில் 'ழ'வின் அடிச்சுழியைப் பாருங்கள். அந்தக் குறுகிய வளைவில் ஹெட் வேகத்தைக் குறைத்துத்தான் திரும்ப முடியும். பலம் மாறாமல் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் அட்டை பழுப்பேறிக் கருகும். எம்4 போட்டால் சுழியின் உள்ளேயும் நேர்க்கோட்டிலும் விளிம்பு ஒரே நிறத்தில் வரும். தமிழ் எழுத்து வெட்டுகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள ஒரு மாற்றம் இல்லை என்பேன்.

அதற்கு எல்லையும் உண்டு. ஊனோவில் கட்டளைகள் வினாடிக்குச் சுமார் 11,500 எழுத்துகள் என்ற வேகத்தில்தான் உள்ளே போகும். போட்டோ எரிக்கும்போது ஒரு புள்ளிக்குப் பத்து எழுத்து என்று வைத்தாலும் வினாடிக்கு ஆயிரத்துச் சொச்சம் புள்ளி, புள்ளி 0.1 மி.மீ. என்றால் வினாடிக்கு 100 மி.மீ.தான் கிடைக்கும். அதற்கு மேல் ஓட்டினால் ஹெட் திக்கித் திக்கிப் போகும். போட்டோ வேலை நிறைய என்றால் ஈஎஸ்பி32 சிப்பில் ஓடும் ஃப்ளூயிட்என்சி என்ற மென்பொருள் பக்கம் போங்கள்.

ஒயரிங்கில் ஒரு இடம் உயிர்நாடி. லேசர் பவர் சப்ளையிலிருந்து பழைய போர்டுக்கு வரும் நான்கு ஒயர்கள்: 24 வோல்ட், கிரவுண்ட், 5 வோல்ட், எல் (L). இந்த எல் ஒயரைக் கிரவுண்டுக்கு இழுத்தால் லேசர் எரியும். ஜிஆர்பிஎல்லோ லேசர் அணைந்திருக்கும்போது தன் லேசர் பின்னை (இணைப்பு முள்ளை) தாழ்ந்த வோல்ட்டில்தான் வைத்திருக்கும். இரண்டையும் நேராக இணைத்தால், அணைக்கச் சொல்லும்போதெல்லாம் லேசர் எரியும். நடுவில் சுவிட்ச் போல வேலை செய்யும் ஒரு என்-சேனல் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் வேண்டும். அதன் மூன்று கால்களில், போர்டின் பின் கேட்டுக்கு, எல் ஒயர் டிரெயினுக்கு, சோர்ஸ் கிரவுண்டுக்கு. கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் மறக்காமல் போடுங்கள், போர்டு விழித்தெழும் நொடியில் கேட் அந்தரத்தில் நிற்காமல் இருக்க. பிறகு லேசர் சுவிட்சை ஆஃபிலேயே வைத்து, மல்டிமீட்டரை எல்லுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு, போர்டை ரீசெட் செய்யுங்கள், யூஎஸ்பியைப் பிடுங்கிச் செருகுங்கள். ஒவ்வொரு முறையும் 5 வோல்ட் அருகிலேயே நிற்க வேண்டும். ஒரு முறை தாழ்ந்தாலும் லேசரை ஆன் செய்யாதீர்கள். முன்பக்கக் குமிழைக் கழற்ற வேண்டாம். உச்ச வரம்பாக அது இருக்கட்டும். மென்பொருளில் முழு பலம் கொடுத்தாலும் மெஷினின் கரண்ட் மீட்டர் 15 மில்லி ஆம்பியரைத் தாண்டாதபடி அதை நிறுத்திவையுங்கள்.

அளவு சரிபார்ப்பில் ஒரு எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டின் பல் இடைவெளி 2 மி.மீ. என்று எண்ணிக் கணக்குப் போட்டு, 100 மி.மீ. ஓட்டச் சொல்லி, வெர்னியரில் அளந்தால் 101.6 வந்தால், மோட்டாரில் பிழை இல்லை. உங்கள் பெல்ட் அங்குலக் கணக்குப் பெல்ட். அதன் பல் இடைவெளி 0.08 அங்குலம், அதாவது 2.032 மி.மீ. இந்த மெஷின்களில் அதுதான் சாதாரணமாக இருக்கும். ஒரு மி.மீ.க்கு மோட்டார் எத்தனை ஸ்டெப் என்ற அமைப்பை 1.016ஆல் வகுத்தால் 100 சரியாக 100 ஆகும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெயர்ப்பலகைக் கடையில் இது கட்டாயம் வரும். ஃப்ளெக்ஸ், ரெக்சின், பிவிசி ஃபோம் ஷீட் இவற்றை யார் கொண்டுவந்து கேட்டாலும் இந்த மெஷினில் வெட்டாதீர்கள். எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். நுரையீரலுக்கும் கேடு, ரெயிலும் மிரரும் சில நாளில் துருவேறிவிடும். சந்தேகமிருந்தால் செம்புக் கம்பியைச் சூடாக்கி ஷீட்டில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். தீ பச்சையாக எரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இந்த வாரம் டேப்பும் லென்ஸும் மட்டும் செய்யுங்கள். நான்கு மூலைப் புள்ளி விழுந்த டேப்பை எறியாமல், தேதி எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை வெட்டு குறைகிறது என்று தோன்றினால், புது டேப்பை அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாலே கதிர் நகர்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.